யாரைக் கேட்டு ஏந்திய ஆயுதம்?

ஏற்காட்டுக்கு வடக்கே மலை இறங்கினால், சேர்வராயன் மலையிற் பிறந்து தென்பெண்ணையை நாடிச் செல்லும் வாணியாற்றின் பள்ளத்தாக்கும், பாப்பிரெட்டிப்பட்டி, அரூர்ப் பக்கத்துப் புன்செய் நிலங்களும், அவற்றையடுத்துச் சித்தேரி மலையும் வரும். 1965 வரை சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்து பின்னர்த் தருமபுரி மாவட்டம் எனப் பிரிந்த இவ்வறண்ட பூமியில்தான், 1967இல் வங்காளத்து நக்சல்பாரியில் மூண்ட கிளர்ச்சியின் தமிழகக் கிளை எழுபதுகளில் வேர்விட்டது.

வேருக்கு மண் ஆயத்தமாகவே இருந்தது. வானம் பார்த்த மேட்டுநிலம். கைநாட்டு வைத்தவனுக்கே பத்திரத்தில் எழுதிய தொகை தெரியாத கடன். தேநீர்க் கடையில் ஊரார்க்கு ஒரு கிளாஸ், சேரியிலிருந்து வருபவன் குடித்துவிட்டுத் தானே கழுவிக் கவிழ்த்துப் போவதற்கென ஓரத்தில் ஒதுக்கிய வேறொரு குவளை. சேர்வராயன் மலைமேலோ, சேலம் கலெக்டர் காக்பர்ன் 1820களில் கொணர்ந்த காபிச் செடி தோட்டங்களாய்ப் பெருகப் பெருக, மலையாளிப் பழங்குடியினரின் உழவுக்காடு சுருங்கியது. எஞ்சியதில் பெரும்பகுதியை ரிசர்வ் காடென்று சர்க்கார் வளைத்துக்கொண்டது. (தாலுகா கச்சேரிக்கு இவையெல்லாம் தெரியாது என்பது அக்கச்சேரியின் அறிவுக்கு இழுக்கு.)

இத்தகைய அநியாயத்துக்கு ஆளானவன் ஆயுதம் எடுத்தால் அது அதர்மமா என்ற கேள்விக்கு, அநியாயத்தின் அளவை மட்டும் நிறுத்துப் பார்த்து விடை சொல்ல இயலாது. தனிக்குவளையை எதிர்த்துச் சேரி மக்கள் கூட்டமாகச் சென்று கடைவாசலில் நின்றபோது, அடி விழுமென்று அறிந்தே, தம் சம்மதத்தோடு நின்றார்கள். அவர்கள் கையில் துப்பாக்கி இருக்கவில்லை. ஆனால் நக்சல்பாரித் தலைவர் சாரு மஜும்தார் வகுத்த அழித்தொழிப்புப் பாதையில், நள்ளிரவில் நாலைந்து பேர் கூடி ஒரு பண்ணையாரின் உயிருக்குத் தீர்ப்பெழுதியபோது, யாருடைய பெயரால் எழுதினார்களோ அவர்களை ஒரு வார்த்தை கேட்டாரில்லை. மறுநாள் போலீஸ் லாரி வந்து நின்றதோ கேட்கப்படாத அந்த ஏழைகளின் வாசலில். விலை கொடுப்பவனைக் கேளாமல் அவன் பொருட்டுப் பேரம் முடிப்பது, பண்ணையார்கள் பரம்பரையாகச் செய்துவந்த காரியமே ஆகும்.

சர்க்காரின் கரமும் தூயதன்று. 1980இல் திருப்பத்தூர்ப் பக்கம் குண்டு வெடித்து இன்ஸ்பெக்டர் ஒருவரும் காவலர்களும் மாண்டபின் தொடங்கிய வேட்டையில், இளைஞர் பலர் மோதலில் மடிந்தனர் என்று போலீஸார் கூறினர். பிடித்து வைத்துச் சுட்டதாக மனித உரிமை இயக்கத்தார் குற்றஞ்சாட்டினர். விசாரணையின்றி உயிர் கவர்வது ஒருவருக்குப் பாதகமெனில் மற்றவர்க்கு அது கடமையாகிவிடாது.

இதற்கு முப்பதாண்டு முன்பே, சேர்வராயன் அடிவாரத்துச் சேலம் சிறைச்சாலையில் 1950 பிப்ரவரி 11 அன்று துப்பாக்கிச் சூட்டில் கம்யூனிஸ்டுக் கைதிகள் 22 பேர் மாண்டனர், பெரும்பாலோர் மலபார்க்காரர். 1948இல் ஆயுதப் புரட்சிக்கு அறைகூவிய கம்யூனிஸ்டுக் கட்சி, பின்னர் அதைக் கைவிட்டு வாக்குப்பெட்டியையும் வழக்குமன்றத்தையும் நாடியது. பிற்காலத்தில் அதினின்று பிரிந்தவர்களில் ஒரு சாரார் நக்சல்பாரிக்குப் போனார்கள். மற்றொரு சாரார் வாச்சாத்திக்கு வந்தார்கள்.

சித்தேரி அடிவாரத்து வாச்சாத்தியில், 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, போலீஸ், ரெவின்யூ ஊழியர்கள் புகுந்து, மலையாளிக் குடிகளை அடித்து, வீடுகளைச் சூறையாடி, பெண்கள் பதினெண்மரைக் கற்பழித்தனர். ஆயுதம் எடுக்க நியாயம் தேடுபவனுக்கு இதனினும் மேலான நியாயம் அகப்படாது, அவ்வூரார் எடுக்கவில்லை. மார்க்சிஸ்ட் தலைவர் அ. நல்லசிவன் தொடுத்த வழக்கினாலும், மலைவாழ் மக்கள் சங்கத்தாரின் துணையினாலும், அப்பெண்கள் தாமே கூண்டேறிச் சாட்சி சொன்னார்கள். 2011 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது: குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருக்க, எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள். உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்து, பெண்கள் ஒவ்வொருவருக்கும் பத்து லட்சம் ரூபாய் நஷ்டஈடு விதித்தது 2023இல். அந்த முப்பத்தோராண்டுகளில் வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏறியவர்கள் அப்பெண்கள். ஆயுதம் பாதகமென்று பிறர்க்கு உபதேசிக்கும் நாகரிகர்களில் பெரும்பாலோர்க்கு அதில் ஒரு பகற்பொழுதும் செலவானதாகத் தெரியவில்லை.