இராத்திரியில் வருகிற சொப்பனங்கள்



ஜெபக் குறிப்புச் சீட்டுகளில் கடன், வியாதி, பிள்ளைகளின் கலியாணம் இவைகளுக்கு அடுத்தபடி வருவது கெட்ட சொப்பனம். "பாஸ்டர், பாம்பு துரத்துது", "செத்துப்போன மாமியார் வந்து கூப்பிடுறாங்க" என்று எழுதி அர்த்தம் கேட்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் நான் அர்த்தம் சொல்லுகிறதில்லை.

தேவன் சொப்பனத்தில் பேசுகிறவர்தான். மரியாளின் புருஷனாகிய யோசேப்புக்கு மத்தேயு முதல் இரண்டு அதிகாரங்களுக்குள்ளேயே நாலு தடவை சொப்பனம் வந்தது. ஆனால் பிரசங்கி 5-ஆம் அதிகாரத்தையும் பாருங்கள். அலுவலும் தொல்லையும் மிஞ்சினாலே சொப்பனம் வரும் என்கிறான் ஞானி. பகலெல்லாம் வட்டிக்காரனுக்குப் பயந்தவன் ராத்திரி கனவிலே ஓடாமல் என்ன செய்வான்?

1953-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி, கிளெய்ட்மன் என்ற இருவர் ஒரு காரியத்தை வெளியிட்டார்கள். தூங்குகிறவனின் மூடிய இமைக்குள்ளே கண் வேகமாய் ஓடுகிற நேரம் ஒன்று உண்டு. அப்போது எழுப்பினால் பெரும்பாலோர் கனவு சொல்லுவார்கள். சுமார் 90 நிமிஷத்துக்கு ஒருமுறை அது வரும், விடிய விடிய நீளும். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று பாட்டிமார் சொல்லுவார்களே, அந்தக் கனவுதான் நீளமாயும் ஞாபகமாயும் நிற்கும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் கைகால் அசையாதபடி சரீரம் கட்டப்பட்டிருக்கும், கனவில் ஓடுகிறவன் எழுந்து ஓடிவிடாதபடிக்கு. (உண்டாக்கினவருக்கு எவ்வளவு யோசனை பாருங்கள், ஸ்தோத்திரம்!) கட்டு அவிழுமுன்னே விழிப்பு வந்தால் நெஞ்சின்மேல் யாரோ உட்கார்ந்தாற்போல் இருக்கும், சத்தம் வராது. அமுக்குவான் பேய் என்கிறோமே, அதுதான். கொஞ்ச நேரத்தில் தானாய் விட்டுவிடும். தூக்கம் கெட்டவர்களுக்கும் மல்லாந்து படுக்கிறவர்களுக்கும் அதிகம் வரும்.

2004 டிசம்பர் 26-ல் கடல் ஏறினபோது நாகப்பட்டினம் மாவட்டத்தில் மாத்திரம் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். அந்தக் கரையிலுள்ள ஒரு சகோதரி என்னிடத்தில் சொன்னாள்: "கண்ண மூடுனா தண்ணி வருது ஐயா. புள்ள கை வழுக்குது." அவளிடத்தில் ஒரு ஊழியக்காரர், மறைவான பாவத்தை அறிக்கைபண்ணு, சொப்பனம் நிற்கும் என்றாராம். கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. தேவனே உத்தமன் என்று சாட்சி கொடுத்த யோபு, 7-ஆம் அதிகாரத்தில், படுக்கைக்குப் போனாலும் சொப்பனங்கள் தன்னைக் கலங்கடிக்கிறதாக அழுகிறானே! அவன் எந்தப் பாவத்தை மறைத்தான்?

இதற்கு மனநல மருத்துவர்கள் சொல்லிக்கொடுக்கிற ஒரு வழி உண்டு. பகலிலே, நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து, அந்தக் கனவின் முடிவை வேறாக மாற்றி, தினமும் மனதுக்குள்ளே ஓட்டிப் பார்க்கவேண்டும். அவளும் மருத்துவரிடம் போனாள். "புள்ள கைய இயேசப்பா புடிச்சுக்கிட்டாருன்னு மாத்திக்கிட்டேன் ஐயா" என்றாள். தண்ணீர் இன்னும் வருகிறது, ஆனால் ராத்திரிதோறும் இல்லை.

குடியை விட்ட சகோதரருக்கு ஒரு வார்த்தை. விட்ட புதிதில் பயங்கரக் கனவு வரும். அடக்கி வைத்த கனவுத்தூக்கம் திரும்பிப் பெருகுகிறது, பிசாசு திரும்பி வந்துவிட்டான் என்று பயந்து மறுபடியும் பாட்டிலைத் தொடாதீர்கள். கைநடுக்கமோ, விழித்திருக்கும்போதே உருவங்கள் தெரிவதோ இருந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்க, ஜெபத்துக்கு நாங்க கூடவே வர்றோம். இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கிற சில மாத்திரைகளாலும் கெட்ட கனவு வருவதுண்டு. நீங்களாக நிறுத்திவிடாமல் டாக்டரிடம் அந்த அட்டையைக் காட்டிக் கேளுங்கள்.