மேலிருந்து தெளிக்கும் நஞ்சும் கொல்லாமையும்

கொல்லாமையைத் துறவறவியலில் 33ஆம் அதிகாரமாக வைத்த திருக்குறளே, உழவைப் பொருட்பாலில் 104ஆம் அதிகாரமாக வைத்துப் போற்றுகிறது. ஏர்முனையில் புழுவும் மருந்தில் பூச்சியும் மடியாமல் நெல் வீடு வந்து சேர்வதில்லை என்பதால், இவ்விரண்டையும் ஒருவரே எவ்வாறு கைக்கொள்வது என்ற கேள்வி தமிழருக்குப் பழையது. காவிரிப் படுகை வயல்களில் ட்ரோன் கொண்டு பூச்சிமருந்து தெளிக்கும் வழக்கம் பரவிவரும் இந்நாளில், அக்கேள்வி புதிய வடிவில் முன்வந்து நிற்கிறது.

தஞ்சாவூர்க் கரந்தையில் சமணர் வழிபடும் ஆதிநாதர், மக்களுக்கு உழவைக் கற்பித்த முதல் தீர்த்தங்கரர் என்பது சமண மரபு. அம்மரபு, கொல்ல வேண்டும் என்றே கருதிச் செய்யும் சங்கற்ப இம்சையை இல்லறத்தார்க்கு விலக்கியது. பிழைப்புக்கான தொழிலில் தவிர்க்க இயலாது நேரும் இம்சையையோ இயன்றவரை குறைத்துக்கொள்ளச் சொன்னது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்கும்போது, ‘பிரமாதம்’ எனப்படும் கவனக்குறைவோடு உயிரைப் போக்குவதே இம்சை என்கிறது. பூச்சிமருந்து கொல்வதற்கென்றே தெளிக்கப்படுவதாதலால், அது இவ்விரு வகைகளுக்கும் இடைப்பட்ட எல்லையில் நிற்கிறது. உண்மையான தேவை இருந்தாலன்றி அதனைத் தொழில்வழி நேர்ந்த இம்சை என்று சொல்ல இயலாது.

ட்ரோனின் நன்மை பெரியது. முதுகில் தெளிப்பானைச் சுமந்துகொண்டு சேற்றில் நடக்கும் கூலித் தொழிலாளியின் தோலிலும் மூச்சிலும் நஞ்சு ஏறுவதை அது தடுக்கிறது. இந்த ஒன்றுக்காகவே அதனை வரவேற்கலாம். கைத்தெளிப்பானுக்கு ஏக்கருக்கு ஏறத்தாழ 200 லிட்டர் நீர் வேண்டியிருக்க, ட்ரோன் சுமார் 10 லிட்டரில் சில நிமிடங்களில் வேலையை முடித்துவிடுகிறது. ஒன்றிய அரசு 2023இல் அறிவித்த நமோ ட்ரோன் தீதி திட்டம், 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு 80 விழுக்காடு மானியத்தில் ட்ரோன் வழங்க முற்பட்டது. எனினும் தெளிப்பு வேலையை நம்பியிருந்த நிலமற்றவரின் கூலி நாள்கள் குறைகின்றன என்பதும், அதற்கு ஈடான வேலை தானே வந்துவிடாது என்பதும் மறக்கத் தக்கவை அல்ல.

அறக்கேள்வியின் முனை புகையானில்தான் தெளிவாகத் தெரிகிறது. புகையான் என்பது நெற்பயிரின் அடித்தண்டில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே அடையாக அமர்ந்து சாற்றை உறிஞ்சும் பழுப்புத் தத்துப்பூச்சி. குனிந்து தூரை விலக்கிப் பார்த்தாலன்றி அது கண்ணில் படாது. மேலிருந்து விழும் துளிகளும் அடர்ந்த தாள்களைத் தாண்டி அடித்தண்டை எளிதில் எட்டுவதில்லை. தூர் ஒன்றுக்கு அப்பூச்சியைத் தின்னும் சிலந்தி ஒன்று இருந்தால் தண்டுக்கு 2 பூச்சிகள் வரையிலும், சிலந்தி இல்லையேல் 1 பூச்சி வரையிலும் பொறுத்திருக்கலாம் என்பது வேளாண் அறிவியல் வகுத்த பொருளாதாரச் சேத நிலை, அதாவது மருந்தடிக்கத் தகும் எல்லை. உழவர் கொல்ல வேண்டுமா வேண்டாமா என்பதை ஒரு சிலந்தியின் இருப்பு முடிவு செய்கிறது. நடவின்போது எட்டடிக்கு ஓரடி இடைவெளியாகப் பட்டம் விட்டிருந்தால், காற்றும் வெயிலும் உள்ளே புகுந்து, மருந்தின் தேவையே குறையக்கூடும்.

நகரத்தில் இருக்கும் நிலவுடைமையாளர் கைப்பேசியில் ட்ரோனை வாடகைக்கு அமர்த்த, இயக்குபவர் வரப்பில் நின்று பறக்கவிட, வயலுக்குள் ஒருவரும் இறங்காமலே எல்லாம் முடிந்துவிடுகிறது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றும் வினையைச் சேர்க்கும் என்று சமணம் சொல்வதால், தூரம் யாரையும் அதிலிருந்து விடுவிப்பதில்லை. குறைந்த நீரில் கலந்த அடர்மருந்து காற்றில் விலகி, இயற்கை முறையில் பயிரிடும் அண்டை வயலிலோ மீன் வாழும் வாய்க்காலிலோ விழுந்தால், அது முழுக்கவே கவனக்குறைவால் நேர்ந்த இம்சை; அதற்குத் தொழிலின் தேவை என்ற சமாதானம் பொருந்தாது.

ஆகவே ட்ரோனை அழைக்க எண்ணும் உழவர் முதலில் வயலில் இறங்கி, தூரை விலக்கி, பூச்சியையும் சிலந்தியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தெளித்தே ஆக வேண்டுமெனில் அண்டை வயல்காரருக்கு முந்தைய நாளே சொல்லி, காற்று அடங்கிய வேளையில் தெளிக்க வேண்டும்.