மோவாவும் படைப்பின் நிறைவும்

நியூசிலாந்தில் வாழ்ந்து, ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகளுக்கு முன் முற்றாக மறைந்த மோவா என்னும் பெரும்பறவை, சமயச் சிந்தனைக்கு ஒரு கடினமான கேள்வியை விட்டுச்சென்றிருக்கிறது: தனி உயிர்கள் இறப்பதற்கும் அவற்றின் இனமே அற்றுப்போவதற்கும் உள்ள வேறுபாடு எண்ணிக்கையைப் பொறுத்தது மட்டும்தானா?

அழியும் உயிர், தன்னைப் போன்ற இன்னொன்றை ஈன்று, இனத்தின் வழியாக நித்தியத்தில் பங்குகொள்கிறது என்று அரிஸ்டாட்டில் கருதினார். சாவுக்கு அவர் கண்ட இந்த ஆறுதல், இனம் நிலைக்கும் என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. கிறித்தவ ஐரோப்பாவிலும், படைத்தவர் எந்த வகை உயிரையும் அடியோடு அழியவிடமாட்டார் என்ற எண்ணம் நெடுங்காலம் வலுவாக இருந்தது. 1796இல் யானையினத்து எலும்புகளை ஒப்பிட்டு, அழிந்துபோன இனங்களும் உண்டு என்று காட்டி அந்த எண்ணத்தை அசைத்தவர் ஜார்ஜ் குவியே. 1839இல் லண்டனில் ரிச்சர்ட் ஓவன், இரு முனைகளும் உடைந்த, ஆறு அங்குல நீளமே இருந்த ஒரு தொடையெலும்புத் துண்டைக் கொண்டு, நெருப்புக்கோழியை ஒத்த பறவையொன்று நியூசிலாந்தில் இருந்திருக்க வேண்டும் என்று அறிவித்தார். 1843இல் அதை மெய்ப்பித்த எலும்புகளை அனுப்பியவர், படைப்பின் ஒழுங்கைப் போதிக்கச் சென்றிருந்த வில்லியம் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலிக்கன் மிஷனரி.

முதலில் எழுந்த கேள்விக்கு இறையியல் விடையற்று நின்றுவிட வேண்டியதில்லை. எந்த ஒரு படைப்பும் இறைவனின் நன்மையை முழுதாகக் காட்டப் போதாது, ஒன்றில் இல்லாததை இன்னொன்று நிறைவிக்கவே உயிர்வகைகள் பலவாயின என்று தாமஸ் அக்வினாஸ் வாதிட்டார். இதை ஏற்றால், இனத்தின் அழிவு பல சாவுகளின் கூட்டுத்தொகை மட்டும் அன்று. வேறெதுவும் காட்ட இயலாத ஒன்று உலகிலிருந்து நீங்குவதாகும். மோவாவையே பாருங்கள்: பறக்காத நெருப்புக்கோழிக்கும் கிவிப் பறவைக்கும்கூடச் சிறகெலும்புகள் உண்டு. மோவாவின் எலும்புக்கூட்டிலோ அவற்றின் சுவடே இல்லை. மோவா வகைகளுள் மிகப் பெரியதன் பெண் பறவை கழுத்தை நிமிர்த்தினால் மூன்றரை மீட்டர் உயரத்தை எட்டக்கூடியதாக இருந்தது. எடை இருநூறு கிலோவைத் தாண்டியது. சிறகின் தடயமும் இல்லாமல் பறவையாக வாழ முடியும் என்பதை இன்று காட்டுவதற்கு எந்தப் பறவையும் இல்லை.

அக்வினாஸ் எழுதிய பதின்மூன்றாம் நூற்றாண்டில்தான் பாலினேசியர் நியூசிலாந்தில் குடியேறினர். மெதுவாகவே பெருகிய மோவாவை அவர்கள் வேட்டையாடியதோடு முட்டைகளையும் எடுத்ததால், சில தலைமுறைகளுக்குள் அது அழிந்தது. அதை இரையாகக் கொண்ட ஹாஸ்ட் கழுகும் உடன் அழிந்தது. ஓர் இனம் முற்றாக இல்லாமற்போகக்கூடும் என்று அந்நாளில் உலகில் எவருமே தெளிவாக உணராத நிலையில், அவர்களைக் குற்றவாளிகளாக நிறுத்துவது நீதியாகாது. ஆனால் குற்றவாளி இல்லை என்பதால் இழப்பு சிறிதாகிவிடுவதில்லை; இனங்கள் அழியும் என்று அறிந்த பின் செயல்படுவோரின் நிலையோ வேறு.

அவர்களின் வழித்தோன்றல்களான மாவோரிகள் இந்த இழப்பை உறவின் மொழியில் உணர்ந்தனர். எல்லா உயிர்களையும் ஒரே வம்சாவளியில் இணைக்கும் ஃபகபாபா என்னும் அவர்களது கோட்பாட்டின்படி, காட்டுக்கும் பறவைகளுக்கும் தந்தையான தானே என்ற தெய்வமே முதல் பெண்ணையும் மண்ணிலிருந்து உருவாக்கியதால், மோவா மனிதருக்கு உறவுமுறை. பத்தொன்பதாம் நூற்றாண்டில், குடியேற்றமும் நோயும் தம்மையே இல்லாமல் ஆக்கிவிடுமோ என்று அவர்கள் அஞ்சியபோது, மோவாவின் மறைவைச் சொல்லும் பழமொழி அவர்களது சொந்த முடிவைக் குறித்த புலம்பலாக மாறியது.