எருவும் ஏதுவும்

விளைச்சலுக்கு உரம் காரணமா, காரணங்களுள் ஒன்று மட்டுமா என்னும் கேள்வி உழவியலுக்கே உரியதாகத் தோன்றினும், அதன் வேர் காரண காரிய ஆராய்ச்சியில் இருக்கிறது. சைவ சித்தாந்தம் ஒரு காரியத்துக்கு மூவகைக் காரணம் கூறும்: குடமாகும் மண் முதற்காரணம், சக்கரமும் தண்டும் துணைக்காரணம், வனையும் குயவன் நிமித்த காரணம். இவ்வகுப்பை வயலில் வைத்துப் பார்ப்போர் விதையை முதற்காரணமாகவும், உரத்தையும் நீரையும் துணைக்காரணமாகவும், உழவரை நிமித்த காரணமாகவும் கொள்வது இயல்பு. உளுந்து வயலில் இக்கணக்கு தடுமாறுகிறது.

உளுந்தின் வேர் சில வேதிப்பொருள்களைக் கசியவிட்டு, மண்ணில் வாழும் ரைசோபியம் வகைப் பாக்டீரியாவை ஈர்க்கிறது. வேர்த்தூவி வழியே நுழையும் அந்நுண்ணுயிர்களுக்கு வேர்முடிச்சு என்னும் சிறு உருண்டையைக் கட்டித் தந்து, இலையில் உண்டாக்கிய சர்க்கரையை ஊட்டுகிறது. அவை காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றிச் செடிக்கு அளிக்கின்றன. நன்கு இயங்கும் முடிச்சை நறுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு நிறம் தெரியும். மனிதக் குருதியின் செம்மைக்குக் காரணமான ஹீமோகுளோபினுக்கு உறவான புரதம் ஒன்று அங்கே ஆக்சிஜனை அளவோடு வைத்திருப்பதே அதற்குக் காரணம். குடத்தை வனையும் குயவன் மண்ணுக்குப் புறத்தே நிற்கிறான். இங்கோ வனைபவரும் வனையப்படுவதும் ஒரே வேருக்குள் கலந்திருக்க, உழவர் அருகில் நிற்கும் துணைவராகவே காட்சி தருகிறார்.

தமிழ்நாட்டில் இறவை உளுந்துக்கு ஹெக்டேருக்குத் தழைச்சத்து 25 கிலோ, மணிச்சத்து 50 கிலோ, சாம்பல்சத்து 25 கிலோ, இவற்றுடன் கந்தகம் 20 கிலோ என்பது பரிந்துரை. இலைக்கும் தண்டுக்கும் வேண்டிய தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், மணிச்சத்தாகிய பாஸ்பரஸில் பாதியே இருப்பது கருதத்தக்கது. விதையிலைகளின் சேமிப்பு தீர்ந்தபின், முடிச்சுகள் இயங்கத் தொடங்கும்வரை இளஞ்செடி பசியால் வாடாதிருக்கவே அச்சிறு அளவு தரப்படுகிறது. அதற்கு மேல் தாராளமாக இட்டால், மண்ணிலேயே நைட்ரேட் கிடைப்பதை உணர்ந்த செடி முடிச்சு கட்டுவதைக் குறைத்துக்கொள்கிறது. இலை செழிக்கிறது, காய் அதற்கு ஈடாகப் பெருகுவதில்லை. ஆக, துணைக்காரணம் ஒன்றைப் பெருக்குவது மற்றொரு துணைக்காரணத்தை விரட்டிவிடுகிறது. காரணங்கள் கூட்டல் கணக்கில் சேர்பவை என்னும் எண்ணம் இங்கேதான் உடைகிறது. வளர்ச்சி வேறு, விளைச்சல் வேறு என்பதையும் இப்பயிர் காட்டிவிடுகிறது.

இதற்கு நெருங்கிய விளக்கம் மகாயான பௌத்தத்தின் சாலிஸ்தம்ப சூத்திரத்தில் உண்டு. நெற்பயிரை முன்வைத்து, ஒன்றைச் சார்ந்தே மற்றொன்று தோன்றும் என்னும் கொள்கையை விளக்கும் அந்நூல், நிலம், நீர், வெப்பம், காற்று, வெளி, பருவம் ஆகியவை கூடும்போது விதையிலிருந்து முளை தோன்றுகிறது என்றும், அவற்றுள் எதற்கும் அம்முளையைத் தான் ஆக்குவதாக எண்ணம் இல்லை என்றும் கூறுகிறது.

திருக்குறளின் உழவு அதிகாரத்தில் அடுத்தடுத்த இரு குறள்கள் முரண்படுவனபோல் நிற்கின்றன: புழுதியை நன்கு காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாம் என்கிறது ஒன்று, உழுவதைவிட எருவிடுதல் நன்று என்கிறது மற்றொன்று. பயிரும் நிலமும் பருவமும் அறியாமல் எருவைப் பற்றி முடிவுகூற இயலாது என்பதே இவ்விரண்டையும் சேர்த்துப் படிப்பதன் பயன் எனலாம்.

காவிரிப் படுகையின் நெல் தரிசு உளுந்து இதற்குச் சான்று. தை மாதத்தில் நெல் அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, நிற்கும் பயிரினூடே விதை தூவப்படுகிறது; உழவும் இல்லை, அடியுரமும் இல்லை. எஞ்சிய ஈரத்திலும் பனியிலும் வளரும் செடிக்குப் பூக்கும் தருணத்திலும் பதினைந்து நாள் கழித்தும் இலைவழியே மட்டும் டி.ஏ.பி. கரைசல் தெளிக்கப்படுகிறது: ஏக்கருக்கு 4 கிலோவை முதல்நாள் ஊறவைத்து, மறுநாள் தெளிவை வடித்து, 200 லிட்டர் நீராக்கி, மாலை வேளையில். பூ உதிராமல் காயாக வேண்டிய அந்நாள்களில் அவ்வளவே போதுமானதாகிறது. செடியை அறுத்தபின் வேரை மண்ணிலேயே விட்டால், முடிச்சுகள் மட்கிப் பாக்டீரியா நிலத்துக்குத் திரும்ப, எஞ்சிய தழைச்சத்து அடுத்த நெல்லுக்குச் சேர்கிறது.