முகம் சுளிக்காதவள்

அப்பா, அம்மாவின் அறுபதாம் கல்யாணத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். "அம்மா ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை" என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். ஐரா லெவினின் 'தி ஸ்டெப்ஃபோர்டு வைவ்ஸ்' நாவலைப் படித்ததிலிருந்து அந்த வாக்கியம் என்னை உறுத்துகிறது.

1972இல் வெளிவந்த சிறிய நாவல் அது. ஒளிப்படக் கலைஞரான ஜோவன்னா, கணவன் வால்டரோடும் இரண்டு குழந்தைகளோடும் நியூயார்க்கிலிருந்து ஸ்டெப்ஃபோர்டு என்ற அழகிய ஊருக்குக் குடிவருகிறாள். பக்கத்து வீட்டுப் பெண்ணைக் காபி குடிக்கக் கூப்பிட்டால், தரைக்கு மெழுகு போட வேண்டும் என்கிறாள். ஆண்களுக்கு மட்டும் ஒரு சங்கம் இருக்கிறது. முன்பு அங்கே பெண்களுக்கும் சங்கம் இருந்ததும், பெட்டி ஃப்ரீடன் வந்து அதில் பேசியதும் பிறகுதான் ஜோவன்னாவுக்குத் தெரிகிறது. அன்று அந்தப் பேச்சைக் கேட்கக் கூடியவர்கள் இன்று தரையை மெழுகுகிறார்கள்.

மனைவிகளைக் கொன்று, அவர்கள் சாயலில் இயந்திரங்களை வைத்துவிடுகிறார்களோ என்று ஜோவன்னா சந்தேகிக்கிறாள். லெவின் அதை வெளிப்படையாகச் சொல்வதில்லை. கடைசியில் ஜோவன்னாவும் சூப்பர் மார்க்கெட்டில் நிதானமாக வண்டி தள்ளுகிறாள். ஒளிப்படம் எடுப்பதை ஏறக்குறைய விட்டுவிட்டதாகச் சொல்கிறாள்.

என்னைப் பயமுறுத்தியவன் வால்டர். அவன் முரடன் அல்ல. பெண் விடுதலையை ஆதரிப்பவன். உள்ளே இருந்தே மாற்றுவேன் என்று சொல்லித்தான் ஆண்கள் சங்கத்தில் சேருகிறான். வீட்டு வேலை நடக்க வேண்டும், அதைச் செய்பவள் 'முடியாது' என்று சொல்லக் கூடாது. இந்த ஆசைக்கு அவனைப் போன்றவனும் இணங்கிவிடுகிறான். மறுக்க முடியாதவள் செய்யும் பணிவிடையை அன்பு என்று சொல்லலாமா?

அம்மாவுக்குச் சமைப்பது உண்மையிலேயே பிடித்திருக்கலாம். ஆனால் அதற்கு என்னிடம் இருக்கும் ஒரே சான்று, அவர் மறுத்ததில்லை என்பதுதான். மறுக்க இடமில்லாத வீட்டில் அது சான்றாகாது. அவருடைய பொறுமையைப் புகழ்வதாக நினைத்துக்கொண்டு, என் வசதியைத்தான் புகழ்ந்திருக்கிறேன்.

போன வாரம் அம்மாவிடம் கேட்டேன்: "அன்னிக்கு நான் பேசினது பிடிச்சுதாம்மா?"

கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்: "நல்லாத்தான் பேசுன. அடுப்பைப் பாத்துத் திரும்பி நின்னா, என் மூஞ்சி உங்களுக்கு எங்க தெரியும்?"

நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கட்டுக் கீரையை எடுத்துக்கொண்டேன். அப்போதுதான் அவர் முகத்தைப் பார்க்க முடிந்தது.