கதவு எண்

ராத்திரி பதினொரு மணி. மறுபடியும் 'பெட்டர் கால் சால்'. 2016இல் வந்த இரண்டாவது சீசன். கதை தெரிந்ததுதான். ஆனாலும் ஜிம்மி மெக்கில் ஜெராக்ஸ் கடைக்குள் நுழையும்போது, 'வேணாம்டா' என்று வாய் முணுமுணுக்கிறது.

*

நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கி. அண்ணன் சக் பெரிய வக்கீல்; மின்சாரம் உடம்புக்கு ஆகாது என்று நம்பி இருட்டு வீட்டில் அடைந்து கிடக்கிறார். ஜிம்மி செல்போனையும் கடிகாரத்தையும் வாசல் தபால் பெட்டியில் போட்டுவிட்டு, ஐஸ் பையோடு உள்ளே போகிறான். எனக்கு அந்த ஐஸ் போதும். அப்புறம் அவன் என்ன செய்தாலும் முழுசாக வெறுக்க வரவில்லை.

செய்வதும் லேசுப்பட்ட காரியமில்லை. வக்கீலான காதலி கிம்மின் கைவிட்டுப் போன வங்கிக் கட்சிக்காரர் அவளிடமே திரும்ப வேண்டும் என்று, அண்ணனின் பத்திரங்களில் 1261 என்ற கதவு எண்ணை 1216 ஆக்குகிறான். விடிய விடிய வெட்டி, ஒட்டி, ஜெராக்ஸ். ஜிம்மியாக நடிக்கும் பாப் ஓடன்கிர்க் அதைப் பரிசுப்பொருளுக்குக் காகிதம் சுற்றுகிறவரின் பதவிசோடு செய்கிறார்.

*

துப்புத் துலக்க அதே கடைக்கு வந்த சக் மயங்கி விழுகிறார். மண்டையில் அடி. எதிர்ச்சாரி இருட்டில் ஜிம்மி. உள்ளே போனால் மாட்டிக்கொள்வான். யாராவது ஆம்புலன்சைக் கூப்பிடுங்களேன் என்று தவிக்கிறான். யாரும் கூப்பிடவில்லை. உள்ளே ஓடுகிறான்.

அந்தத் தயக்கத்தை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். விழுந்த மாத்திரத்தில் ஓடியிருந்தால் உத்தமன். அவனுக்கும் எனக்கும் பேச்சே இருந்திருக்காது.

*

அண்ணன் நொறுங்கிக் கிடப்பதைப் பொறுக்காமல், 'எண்ணை மாற்றினது நான்தான்' என்று ஒப்புக்கொள்கிறான். சக் ஒளித்துவைத்த டேப் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருக்கிறது.

சட்டப்படி சக் பக்கம்தான் நியாயம். அவரை மதிக்கிறேன். வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடமாட்டேன்.

*

போன சித்திரையில் அம்மாவின் சர்க்கரை ரிசல்ட் வாங்கப் போயிருந்தேன். 261. லேப் வாசலில் நின்று போனில் 161 என்றேன். நேரில் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான்.

வீட்டுக்குப் போனபோது முழு பங்கனபள்ளி ஒன்றை அரிந்து, பாதிக்கு மேல் முடித்திருந்தாள். எனக்கும் ஒரு தட்டு.

"பரவால்லியே, குறைஞ்சிருக்கே" என்றாள்.