வேரழுகலும் மறக்கருணையும்

மரம் வைத்தல் அறமென்பதும், வைத்த மரத்தை வெட்டுதல் பாவமென்பதும் நம்மனோர் உள்ளத்தில் நெடுங்காலமாக ஊன்றிய கொள்கைகளாம். திருக்கோயில்கள் பலவற்றில் தலமரம் இறைவன் திருமேனியோடு ஒப்ப வழிபடப்படுகின்றது. இங்ஙனமாகவும், தன் வீட்டுக் கொல்லையில் வேரழுகி நிற்கும் முதுமரம் ஒன்றை உடையான், அதனை வெட்டுதல் அறமோ, வெட்டாது விடுதல் அறமோ என்னும் வினா எழுகின்றது. இது சிறியதுபோலத் தோன்றினும், கருணையாவது யாது என்னும் பெருவினாவைத் தன்னகத்தே அடக்கியுள்ளது. ஆதலின் அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

சேலத்தையடுத்த சேர்வராயன் மலையும், அதன்கண் உள்ள ஏற்காடும் இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற நிலைக்களமாம். இம்மலையிற் காப்பிப்பயிர், 1820-ஆம் ஆண்டையொட்டிய காலத்தே, சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் என்பவரால் புகுத்தப்பட்டது. காப்பிச் செடி நிழலை வேண்டுவது. அதன்பொருட்டு, ஆஸ்திரேலியாவின் கீழ்ப்பகுதிக்குரிய சில்வர் ஓக் மரங்கள் தோட்டந்தோறும் நடப்பட்டன. அவற்றின்மேல் மிளகுக்கொடியும் ஏற்றப்பட்டது. அம்மரங்களும், பலா முதலியனவும் முதிர்ந்து மனைகளின் அருகே ஓங்கி நிற்றலை அங்குச் செல்வார் காண்பர். இருபருவ மழையும், பனிமூட்டமும், மக்கிய இலைப்படுகையும் அம்மண்ணைக் காளானுக்கு உவப்பான இடமாக்குகின்றன.

காளானைக் கண்ட அளவிலே மரத்திற்குக் கேடு வந்ததென்று அஞ்சுதல் தகாது. நாம் காளானென்று காண்பது பூசணத்தின் கனியுறுப்பே. அதன் உடலோ மண்ணினுள்ளும் மரத்தினுள்ளும் நுண்ணிய இழைகளாய்ப் பரந்துள்ளது. அவ்விழைகளுட் சில, சல்லிவேர்களோடு கூடி, நீரையும் மணிச்சத்தையும் மரத்திற்கு ஈட்டித் தந்து, இலைகள் ஆக்கிய சர்க்கரையை மாற்றாகப் பெறுகின்றன. வேறு சில, உதிர்ந்த சருகையும் பட்ட கொம்பையும் மண்ணாக்குகின்றன. சிலவே உயிருள்ள வேரைத் தின்று அழிப்பன. காப்பித் தோட்டங்களிற் பழுப்பு வேர்நோய், செவ்வேர்நோய், கருவேர்நோய் என வழங்குவன அத்தகைய பூசணங்களால் வருவன. அவை நோயுற்ற வேர் நல்ல வேரைத் தொடும் வழியே ஒன்றினின்று ஒன்றிற்குச் செல்லும்.

நடுத்தண்டு பொந்தான மரமெல்லாம் வீழ்வனவுமல்ல. உயிரோட்டம் பட்டையை அடுத்த பகுதியிலே நிகழ்தலின், உள்வயிரம் அழிந்தும் பன்னெடுங்காலம் நிற்கும் மரங்கள் உள. வேரழுகலோ அத்தகையதன்று, மரத்தை நிலத்தோடு பிணிக்கும் பிணிப்பையே அஃது அறுப்பது. இலை பசுமையாயிருக்கவும் வேர் அழிந்திருத்தல் கூடும். அடிமரத்தே தட்டுப்போன்ற மரக்காளான் தோன்றுதல், மரம் புதிதாகச் சாய்தல், அடிமண் வெடித்து மேலெழும்புதல் என்னும் இவை அதன் குறிகளாம். இக்கேட்டிற்கு வழிதிறப்பார் பெரும்பாலும் மனையுடையாரே; கடைக்கால் தோண்டுங்கால் பக்கவேரை வெட்டுதலும், அடிமரத்தில் மண்ணைக் குவித்தலும், சுற்றிலும் சிமெண்டு பூசுதலும் அவர் செய்வனவன்றோ?

அற்றேல், உயிர் நீங்காத மரத்தை வெட்டுதல் ஓரறிவுயிரைக் கொல்லுதலன்றோ எனின், கூறுதும். அம்மரத்தின் கீழ் உறங்குவார் உளர். அயல்வீட்டுக் குழந்தைகள் விளையாடுவர். கோடை இடிமழையில் ஒருநாள் அது வீழுமென்று அறிந்தும், மரத்தின்மேல் வைத்த அன்பால் வாளாவிருப்பான், அவ்வன்பின் விலையைத் தான் கொடாது பிறரைக் கொடுக்கச் செய்கின்றான். அது கருணையன்று, பற்று. நம் சமயம் இறைவன் கருணையை அறக்கருணை, மறக்கருணை என இருவகையாகக் கூறும். அழித்தற்றொழிலையும் உயிர்களின் இளைப்பொழிக்கும் அருளென்றே கொள்ளும். ஆதலின், வெட்டுதல் என்னும் செயலொன்றைக்கொண்டே கொடுமையென்று துணிதல் பொருந்தாது.

ஆயினும் ஈண்டு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. இறைவன் முற்றறிவினன், வேண்டுதல் வேண்டாமை இலன். நாமோ அத்தகையேமல்லேம். சில்வர் ஓக் மரம் விலைபெறுவது. வெட்டினால் வீட்டிற்கு வெளிச்சமும் வரும். அவ்வாசையை உள்ளே வைத்து, ‘வேர் அழுகிற்று’ என்று புறத்தே சொல்லுதல் எளிது. மறக்கருணையென்னும் பெயர் மறத்திற்குப் போர்வையாதல் இவ்வாறே. ஆதலின், வேரைத் தோண்டிப் பார்த்தும் அறிந்தாரை வினாவியும் தெளிதல் முதற்கடன். கிளைப்பாரத்தைக் குறைத்தலாலேனும், கீழுள்ள கொட்டகையை இடமாற்றுதலாலேனும் தீங்கு நீங்குமாயின் அதனைச் செய்தல் இரண்டாங்கடன். இவ்விரண்டும் பயன்படாவழியே வாளை எடுத்தல் தகும். வெட்டுதலால் தனக்கு ஆதாயம் மிகுந்தோறும் தன் துணிவை மிகுதியாக ஐயுறுதல் நடுநிலையாளர்க்கு அழகாம்.

வெட்டிய அளவிலும் கடமை முடிந்திலது. அடிக்கட்டையை நிலத்திலே விட்டால், அதுவே பூசணத்திற்கு ஆண்டுக்கணக்காக உணவாகி, அருகுள்ள காப்பிச் செடிகளையும் கெடுக்கும். ஆகவே, காப்பி, தேயிலைத் தோட்டங்களில் நிழல்மரத்தை நீக்கக் கருதுவோர், முன்னரே பட்டையை வளையமாக உரித்துவிடுவர். இலையிலிருந்து வேருக்கு உணவு இறங்காமையால், வேரிற் சேர்ந்த மாச்சத்து அற்றுப்போம். பின்பு பூசணம் பற்றுதற்கு அங்கே மிகுபொருள் இராது. நோய்ப்பட்ட செடிகளைச் சுற்றி 2 அடி ஆழமும் 1 அடி அகலமுமாக அகழி எடுத்து வேர்த்தொடர்பை அறுப்பர். கட்டையையும் வேரையும் அகழ்ந்து அகற்றுவர். ஆயின், வேரழுகிச் சாய்ந்த கொல்லைமரத்தைப் பட்டையுரித்துக் காத்திருத்தல் இடரேயாதலின், அதனை உடனே வீழ்த்தி வேரகழ்தலே முறை.

வேரழுகலை ஆணவமலத்திற்கு உவமையாக்க எண்ணுவார் ஒன்று நோக்கல் வேண்டும். இந்நோய் ஒருகாலத்தே புறத்தினின்று வந்தது. ஆணவமோ செம்பிற் களிம்புபோல உயிரோடு அநாதியே உள்ளது. ஆதலின், மறைந்திருந்து கெடுத்தல் ஒன்றிலன்றி இவ்வுவமை பொருந்தாது. தீய பழக்கத்திற்கோ இது மிகப் பொருந்தும். செயலை மட்டும் நிறுத்தி அதன் வாசனையை நெஞ்சில் விட்டிருப்பவன், மரத்தை வெட்டிக் கட்டையை விட்டவனேயாவன். ஊட்டத்தை முன்னர் நிறுத்துதல், தொடர்பை அறுத்தல், வேரை அகழ்தல் என்னும் மூன்றும் அவனுக்கும் வேண்டுவனவே.

ஒரு மரத்தை நீக்க நேர்ந்தவன், பழைய வேரெல்லாம் களைந்த பின்னர், வேறோரிடத்தே மற்றொன்றை நட்டுக் காத்தல் முறையாம். புதிய கன்றின் வேரை வெட்டாமலும், அடியை மூடாமலும் பேணுவானாயின், அவன் பின்னோர்க்கு இவ்வினாவே எழாதொழியும்.